பஃபர்களுக்காக எவ்வளவு நினைவகத்தைப் பூட்டலாம்?

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அரவை ஆலைகளின் எடைமேடைப் பதிவுகளையும் வாயில் கேமரா படங்களையும் சேமிக்கும் நிரலை லினக்ஸில் ஐஓ யூரிங் (வட்டில் படிக்கவும் எழுதவும் உதவும் லினக்ஸ் வசதி) கொண்டு எழுதியுள்ளோம். 256 கேபி அளவுள்ள 32 பஃபர்களை (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பகுதிகளை) அதில் பதிவு செய்யும்போது நினைவகம் இல்லை என்று பிழை வருகிறது. ஆனால் 8 ஜிபி சர்வரில் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது. வரம்பையே நீக்கிவிடலாமா?"

நீக்க வேண்டாம். ரேம் தீர்ந்துபோனதால் வந்த பிழை அன்று இது. ஒரு பயனர் பூட்டி வைக்கக்கூடிய நினைவகத்தின் வரம்பைத் தாண்டியதால் வந்தது. பதிவு செய்த பஃபரில் வட்டுக் கட்டுப்படுத்தி நேரடியாக எழுதக்கூடும் என்பதால், அதன் பக்கங்களை (நினைவகத்தின் சிறு துண்டுகளை) லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் இடம் மாற்றுவதும் இல்லை, ஸ்வாப்புக்கு (வட்டில் உள்ள மாற்று இடத்துக்கு) அனுப்புவதும் இல்லை. இப்படிப் பூட்டியதை நெருக்கடியிலும் திரும்பப் பெற முடியாதாகையால், வரம்பற்ற ஒரு நிரல் அதே சர்வரில் உள்ள தரவுத்தளத்தையே பலி கொடுக்க நேரிடும்.

உங்கள் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 5.16 பதிப்பு முதல் கர்னலின் இயல்பு வரம்பு 8 எம்பி. அதற்கு முன் 64 கேபிதான். 32 பஃபர்களும் சேர்ந்து சரியாக 8 எம்பி, அதாவது 4 கேபி அளவில் 2048 பக்கங்கள். ஆனால் நினைவகம் ஒதுக்கும் மாலாக் செயற்கூறு தரும் முகவரி பெரும்பாலும் பக்க எல்லையில் தொடங்குவதில்லை. அப்போது ஒவ்வொரு பஃபரும் 64க்குப் பதில் 65 பக்கங்களைத் தொடுவதால், மொத்தம் 2080 ஆகி வரம்பு மீறப்படுகிறது. ஆகவே எம்மேப் என்ற அழைப்பின் மூலம் பக்க எல்லையில் ஒதுக்குங்கள். 2 எம்பி பெரும்பக்கம் பயன்படுத்தினால், அதில் சிறு பகுதியைப் பதிவு செய்தாலும் முழுப் பக்கமும் கணக்கில் சேரும்.

மேலும், இந்தக் கணக்கு நிரல்வாரியாக அல்ல, பயனர்வாரியாக வைக்கப்படுகிறது. எடைமேடை நிரலும் கேமரா நிரலும் ஒரே பயனர் பெயரில் ஓடினால் இரண்டின் பஃபர்களும் கூட்டப்படும். இரண்டுக்கும் தனிப் பயனர்களை அமைப்பதே நல்லது. ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகப் பயனராக) ஓட்டினால் வரம்பு பொருந்தாது, பாதுகாப்பும் போய்விடும். சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளை இயக்கும் லினக்ஸ் மேலாளர்) சேவையாக ஓடும் நிரலுக்கு, பயனர் உள்நுழைவுக்கான வரம்புகளைக் கொண்ட லிமிட்ஸ் கோப்பில் எழுதுவது பயன்தராது; சேவைக் கோப்பிலேயே, பூட்டும் நினைவக வரம்பான லிமிட்மெம்லாக் மதிப்பை 16 எம்பி என்று கொடுங்கள்.

சம்பா அறுவடையில் லாரிகள் வரிசை கட்டும்போது பஃபர்களைக் கூட்டத் தோன்றும். வட்டு ஒரே நேரத்தில் ஏற்கும் கோரிக்கைகளைத் தாண்டிய பஃபர்கள் வேகத்தைக் கூட்டா. டெல்டாவில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல, பஃபர் காலியாகும் வரை அடுத்த கோரிக்கையைச் சாதாரண நினைவகத்தில் காத்திருக்க விடுங்கள். அந்தக் காத்திருப்பு வரிசைக்கும் ஓர் உச்சவரம்பு வையுங்கள்.

ஓடும் நிரலின் நிலையைக் கர்னல் காட்டும் ப்ராக் நிலைக் கோப்பில் விஎம்பின் என்ற வரி பூட்டிய அளவைக் காட்டும். நிரலை நிறுத்தியதும் கர்னல் இந்தப் பக்கங்களைப் பின்னணியில் விடுவிப்பதால், உடனே மறுபடி தொடங்கினால் இதே பிழை சில சமயம் வரலாம்; சிறு இடைவெளி விட்டு மீண்டும் பதிவு செய்யும்படி நிரலில் எழுதிவிடுங்கள்.