டெல்லி நம்பர் 520டி: மலிவாக வந்தால் வாங்கலாமா?

கேள்வி: கோவையில் மொத்த வியாபாரம் செய்கிறேன். 2013 மாடல் பிஎம்டபிள்யூ 520டி டீசல் கார் ஒன்று 10 லட்சத்துக்கு வருகிறது. டெல்லி நம்பர், மீட்டரில் 72,000 கிலோமீட்டர். வீட்டிலிருந்து கடைக்கு தினமும் 6 கிலோமீட்டர்தான். மாதம் இரண்டு முறை சென்னை போய் வருவேன். வாங்கலாமா, பராமரிப்பு கட்டுப்படியாகுமா?

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு டீசல் சரிதான். சென்னைக்கு இரண்டு முறை போய் வந்தாலே மாதம் 2,000 கிலோமீட்டர் ஆகிவிடும். ஆனால் இந்த வண்டியை வாங்க வேண்டாம் என்பேன்.

கடைக்குப் போகும் 6 கிலோமீட்டரில் டீசல் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. அப்படியே ஓட்டினால் இஜிஆர் வால்விலும் (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி விடுவது) இன்டேக் மேனிஃபோல்டிலும் (காற்று உள்ளே போகும் குழாய்) கரி அப்பிக்கொள்ளும். மாதம் இரண்டு தடவை ஹைவேயில் நிற்காமல் நெடுநேரம் ஓடுவதால் ஓரளவு தப்பிக்கும். இருந்தாலும், கடைக்கு ஸ்கூட்டரில் போய்விடுங்கள். இந்த வண்டிக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உபகாரம் அது.

சரி, டெல்லி வண்டி ஏன் மலிவு? பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி அந்த வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று 2015இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிறகு தளர்வுகள் வந்தாலும், வயதான டீசல் வண்டியைத் தள்ளிவிட நினைப்பவர்கள் அங்கே அதிகம். புரோக்கர் சொல்லும் 10 லட்சம் இங்கே வந்து சேர்ந்ததும் 10 லட்சமாக நிற்காது. அங்கிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) வாங்கி, இங்கே ஆர்டிஓவில் மறுபதிவு செய்து, வண்டியின் அசல் விலையையும் வயதையும் பார்த்துப் போடும் லைஃப் டாக்ஸைக் கட்ட வேண்டும். புதிதாக 40 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி என்பதை மறந்துவிடாதீர்கள். போதாததற்கு, 2028இல் ஆர்.சி.க்கு (பதிவுச் சான்று) 15 வருடம் முடிகிறது, எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் தமிழ்நாட்டு நம்பர் வண்டிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

பணத்தைவிட எனக்குக் கவலை இன்ஜின்தான். 2013 வண்டியில் இருப்பது என்47 என்ற டீசல் இன்ஜின். இதன் டைமிங் செயின், அதாவது வால்வும் பிஸ்டனும் மோதாமல் நேரம் பிசகாது ஓடவைக்கும் சங்கிலி, முன்பக்கம் இல்லை. பின்னால், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் தளர்ந்தால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்காமல் கை வைக்க முடியாது. செயின் பாகங்களின் விலை ஒரு பங்கு என்றால் கூலி அதைவிட மேலே போகும். அறுந்தே போனால் வால்வும் பிஸ்டனும் மோதும். அப்புறம் இன்ஜினையே மாற்ற வேண்டி வரலாம். முதல் சில வருட என்47களில் இந்தத் தொல்லை அதிகம், பின்னால் வந்தவற்றில் குறைவு. ஆனால் ஆயிலை ஒழுங்காக மாற்றாத வண்டி எந்த வருடத்ததாக இருந்தாலும் நம்ப முடியாது.

பார்க்கப் போகும்போது, காலையில் நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவைத்துவிட்டுப் போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். ஸ்டார்ட் ஆனதும் பானெட்டைத் திறந்து, கண்ணாடிப் பக்கம், அதாவது இன்ஜினின் பின்பக்கம் காதை வையுங்கள். ஆக்ஸிலரேட்டரை மெதுவாகக் கொடுத்து 1,500–2,000 ஆர்பிஎம்மில் பிடிக்கச் சொல்லுங்கள். வழக்கமான டீசல் தடதடப்புக்கு நடுவே இரும்பை இரும்பு உரசுகிற சத்தம் கேட்டால், விலை பேசாமலே கிளம்பிவிடுங்கள்.

மீட்டரை நம்பாதீர்கள். இந்த வண்டியின் சாவியிலும் கிலோமீட்டர் பதிவாகும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சாவியைப் படித்துக் காட்டச் சொல்லலாம். சேஸி எண்ணை வைத்து சர்வீஸ் வரலாற்றையும் கேளுங்கள்.

என் யோசனை: பட்ஜெட்டைக் கொஞ்சம் உயர்த்தி, 190 குதிரைத் திறன் தரும் பிந்தைய பி47 இன்ஜின் வண்டியை, தமிழ்நாட்டு நம்பரில், சர்வீஸ் பில்களோடு தேடுங்கள். அதிலும் செயின் பின்னால்தான், ஆனால் என்47 அளவுக்குப் பெயர் கெடவில்லை. வாங்கிய கையோடு எல்லா ஆயிலையும் மாற்றிவிடுங்கள். இன்ஜின் ஆயில் பிஎம்டபிள்யூ சொல்லும் லாங்லைஃப்-04 தரத்தில் இருக்க வேண்டும். டேஷ்போர்டு எத்தனை கிலோமீட்டர் பாக்கி என்று காட்டினாலும் 10,000க்கு ஒருமுறை மாற்றுங்கள். எட்டு கியர் இசட்எஃப் கியர்பாக்ஸுக்கு "லைஃப்டைம் ஆயில், தொடவே வேண்டாம்" என்பார்கள். அந்த கியர்பாக்ஸைச் செய்கிற கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் கியர்பாக்ஸின் அடியில் ஆயில் நிற்கும் சட்டியோடு சேர்ந்தே வரும் என்பதால் செலவு கொஞ்சம் கூடும்.

பராமரிப்பு கட்டுப்படியாகுமா என்றால், முதல் வருடத்துக்கு மட்டும் வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துவைக்க முடிந்தால் ஆகும். இந்த வண்டிகள் செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில்தான் அசெம்பிள் செய்யப்பட்டவை. அதற்காக ஸ்பேர்ஸ் நம் ஊர் விலைக்கு வந்துவிடாது. காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயர் நான்கும் பழசாக இருந்தால் அதுவே பெரிய தொகை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3419 என்றால் 2019இன் 34ஆவது வாரம் செய்தது. பேட்டரி மாற்றினால் அதையும் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும், தெருமுனைக் கடையில் மாட்டிக்கொண்டு வர முடியாது.

வண்டி கைமாறியதும் 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் செய்யாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அதையும் சேர்த்துக் காட்டி புரோக்கர் கணக்குச் சொன்னால் கழித்துக்கொள்ளுங்கள்.