கட்டம் போட்ட துணியும் கண்முன் மினுங்கும் கோடும்

கேள்வி: எங்களுக்கு லுங்கிக் கடை. கட்டம் போட்ட துணிகளை அடுக்கும்போது கண்முன் வளைந்து வளைந்து ஒரு கோடு மினுங்குகிறது. ரசீதில் பாதி எழுத்து மறைந்துபோகிறது. பிறகு ஒரு பக்கத் தலைவலி. கண்ணாடி மாற்றியும் பயனில்லை. பார்வை போய்விடுமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. ஒற்றைத் தலைவலிக்கு முன்னோடியாக வரும் பார்வைக் கலக்கம் போலத்தான் தெரிகிறது. மூளையின் பின்பகுதியில், பார்வைக்கான இடத்தில், ஒரு மின் அலை நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. அதனால்தான் அந்தக் கோடு மெல்ல அகன்று, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்குகிறது. அடுத்த முறை கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். இரண்டிலும் தெரிந்தால் காரணம் கண்ணில் இல்லை.

நெருக்கமான கோடுகளும் துடிக்கும் வெளிச்சமும் இந்த மூளையைச் சீண்டும். எனக்கும் இந்தத் தொல்லை உண்டு. சித்திரை வெயிலில் வேலூர்க் கோட்டை அகழித் தண்ணீரின் பளபளப்பே போதும். கடையில் மினுக்கும் டியூப் லைட்டை உடனே மாற்றுங்கள். அடுக்குகளுக்கு வெளிர்நிறத் திரை போடுங்கள். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி நல்லது. வீட்டுக்குள்ளும் அணிந்தால் கூச்சம் கூடத்தான் செய்யும்.

நரம்பியல் மருத்துவரை ஒருமுறை பாருங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுவதாக இருந்தால் அவரிடம் அவசியம் சொல்லுங்கள். ஒரே கண்ணில் திடீரென்று இருண்டாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.