ஷோகேஸில் நிற்கும் ஷாம்பெயின்

கேள்வி: நண்பர் பரிசளித்த 'ப்ரூட்' ஷாம்பெயின் ஒன்று ஏழு வருடமாக எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. அடுத்த ஆண்டு எங்கள் 25-வது திருமண நாள் விருந்தில், கேக் வெட்டும்போது திறக்கலாம் என்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். வைக்க வைக்கச் சுவை கூடும்தானே?
- ஒரு வாசகர், பாரிஸ்

பதில்: பாட்டில் பத்திரமாகத்தான் இருக்கும். உள்ளே இருப்பதைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

லேபிளில் ஆண்டு போட்டிருக்கிறதா, பாருங்கள். இல்லையென்றால் அது பல வருடத்து ஒயின்களைக் கலந்து செய்தது. அதைக் குறைந்தது 15 மாதம் நிலவறையில் வைத்திருந்த பிறகே விற்கலாம் என்பது பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதியின் விதி. ஆண்டு போட்டதற்கு 3 வருடம். ஆக, உங்களுக்காகத் தயாரித்தவர்களே காத்திருந்துவிட்டார்கள். ஆண்டு போடாததென்றால், வாங்கி மூன்று நான்கு வருடத்துக்குள் குடித்திருக்க வேண்டியதை நீங்கள் ஏழு வருடம் வைத்திருக்கிறீர்கள். அதுவும் ஷோகேஸில்! இருட்டில், சுமார் 10 டிகிரி குளிரில் கிடக்க வேண்டிய சாமான் அது. வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை வந்துவிடும்.

அப்புறம், கேக். ப்ரூட்டில் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரைதான். லட்டு தின்ற வாயோடு காபி குடித்தால் 'சர்க்கரை போடவில்லையா?' என்று கேட்போமே, அதே கதைதான். வெறும் புளிப்புதான் தெரியும். கேக்குக்கு 'டெமி-செக்' வாங்குங்கள், 32 முதல் 50 கிராம் வரை இருக்கும். 'செக்' என்று போட்டிருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். சொல்லுக்கு இனிப்பில்லாதது என்று அர்த்தம், உள்ளே 17 முதல் 32 கிராம்! பழைய காலத்து நாக்குக்கு அதுவே இனிப்பில்லாததாகப் பட்டிருக்கிறது. 2010-ல் ஆலந்து தீவுகளுக்கு அருகே, பால்டிக் கடலில் மூழ்கிக் கிடந்த 19-ஆம் நூற்றாண்டுக் கப்பலிலிருந்து எடுத்த ஷாம்பெயினில் லிட்டருக்குச் சுமார் 150 கிராம் சர்க்கரை இருந்தது. இன்றைய கோலாகூட அவ்வளவு தித்திப்பில்லை.

ப்ரூட்டுக்கு ஏற்றது உப்பும் கொழுப்பும். சிப்பி, பாலாடைக்கட்டி, மொறுமொறுவென்று வறுத்த மீன், ஏன், உருளைக்கிழங்கு சிப்ஸ்கூடப் போதும். அதற்கு வெள்ளிவிழா எதற்கு? இந்தச் சனிக்கிழமையே மீன் வறுத்து, ஐஸ் போட்ட தண்ணீரில் பாட்டிலை அரை மணி நேரம் வைத்துத் திறந்துவிடுங்கள். நிறம் பழுத்து, குமிழி அடங்கியிருந்தால் மீன் சாஸில் ஊற்றிவிட வேண்டியதுதான். விருந்துக்கு அந்த மாதமே புதிதாக வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் இருப்பது பாரிஸில். அதிவேக ரயிலேறினால் முக்கால் மணி நேரத்தில் ஷாம்பெயின் பகுதியின் ரான்ஸ் (Reims) நகரம்.