கீழ்த்தளத்தில் எத்தனை முக்காலி?

அன்புள்ள அக்காவுக்கு,

சேலத்தில் ஒரு ஜவுளிக் கடையின் மாடி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்குக் கைரேகை வைக்க வேண்டும். மாதத்தில் மூன்று முறை ஐந்து நிமிஷம் தாமதமானால் அரை நாள் சம்பளத்தைப் பிடித்துவிடுகிறார்கள். முதலாளி பதினொன்றரைக்கு வருவார், நினைத்தால் நாலு மணிக்கே ஏற்காடு கிளம்பிவிடுவார். நாங்கள் வேலை நேரத்தில் செல்போனைத் தொடக்கூடாது. அவர் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் எடுக்க வேண்டும். கீழே நிற்கிற சேல்ஸ் பெண்களுக்குப் போடுகிற விதியைப் படித்த எங்களுக்கும் போட்டால் எப்படி? நேரில் கேட்டுவிடலாமா, பேசாமல் வேறு வேலை பார்க்கலாமா?

கு., சேலம்

அன்புள்ள தம்பி,

முதலாளி பதினொன்றரைக்கு வருவதை விடுங்கள். கடன் வாங்கிச் சரக்கு எடுத்தவருக்கு ராத்திரி தூக்கம் இருந்ததோ இல்லையோ. ஏற்காடு போனால் போகட்டும். பத்து மணிக்குக் கூப்பிட்டால் "காலைல பார்க்கறேனுங்க" என்று சொல்லிப் பழகுங்கள். அரை நாள் சம்பளம் பிடிப்பதுதான் அநியாயம். வேலைக்கு வராத நேரம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் பிடிக்கலாம் என்பது 1936-ஆம் வருஷத்துச் சம்பளச் சட்டத்திலிருந்தே வருகிற கணக்கு. கணக்குப் பார்க்கிறவர் நீங்கள், எழுதிக் கேளுங்கள்.

சரி, "கீழே நிற்கிற சேல்ஸ் பெண்கள்" என்று எழுதினீர்களே, எப்படி மனசு வந்தது? ஐந்து நிமிஷத்துக்காக உங்களுக்கு இத்தனை ரோஷம் வருகிறது. அந்தப் பெண்கள் காலையிலிருந்து நிற்கிறார்கள் என்பது உங்கள் கையாலேயே கடிதத்தில் விழுந்திருக்கிறது, உங்கள் கண்ணில் மட்டும் விழவில்லை. படித்தவருக்கு ஒரு விதி, படிக்காதவருக்கு ஒரு விதி என்று நீங்கள் கேட்பதும் உங்கள் முதலாளி செய்வதும் ஒன்றேதான், தம்பி. கடிந்து சொல்கிறேன் என்று வருத்தப்படாதீர்கள். உங்கள் வயதில் நானும் அங்கேதான் நின்றேன்.

1994 தீபாவளி சீசன். கடைவீதியில் ஒரு ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவில் எனக்கு வேலை. முதலாளி கெட்டவர் இல்லை. போனஸைச் சொன்ன தேதியில் கொடுப்பார். ஒருநாள் அவருடைய மகள் வளைகாப்புச் சேலை எடுக்க வந்தார், ஏழாம் மாசம். முதலாளி கல்லாவை விட்டு ஓடி வந்தார். தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். "புள்ளத்தாச்சிப் பொண்ண இப்படி நிக்க வெச்சிருக்கீங்களே, அறிவில்லையா?" என்று எங்களைத் திட்டினார்.

அந்தப் பெண்ணுக்கு எதிரே கவுண்டருக்குப் பின்னால் நின்று சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு ஆறாம் மாசம். கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு அவரைக்காய் மாதிரி புடைத்திருக்கும். பாத்ரூம் போக அனுமதி கேட்க வேண்டும் என்பதால் மத்தியானம் வரைக்கும் தண்ணீர் குடிக்க மாட்டார். அன்றைக்கு நாற்பது சேலையாவது எடுத்துப் போட்டிருப்பார். மேல் தட்டுக்கு எக்கும்போதெல்லாம் ஒரு கை வயிற்றுக்குப் போகும். முதலாளியின் மகள் அதைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் குனிந்து சேலையின் பார்டரைத் தடவ ஆரம்பித்தார். அன்று சாயங்காலம் அந்த அக்கா குடோனில் ஒரு பண்டல் மேல் இரண்டு நிமிஷம் உட்கார்ந்ததற்கு சூப்பர்வைசர் பத்து ரூபாய் பிடித்தார். முதலாளியிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

ஆனால் ஜவுளிக் கடை எப்போதும் இப்படி இருந்ததில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது சித்தி கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனோம். கடை முழுக்க மெத்தை போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார வேண்டும். விற்கிறவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியிலிருந்தே புடவையை உதறிக் காட்டுவார். முதலாளியும் அதே மெத்தையின் ஓரத்தில், சாய்வு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். அங்கேயும் அதட்டல் இருந்தது, சம்பளம் குறைவுதான். ஆனாலும் எல்லோருடைய இடுப்பும் ஒரே உயரத்தில் இருந்தது. அப்புறம்தான் கண்ணாடிக் கவுண்டர் வந்தது. வாங்குகிறவருக்கு ஸ்டூல் வந்தது, முதலாளிக்குச் சுழல் நாற்காலி வந்தது. விற்கிறவரை மட்டும் எழுப்பி நிறுத்திவிட்டார்கள். நின்றால்தான் மரியாதை என்று யார் சொன்னது? வாடிக்கையாளர் யாரும் கேட்கவில்லை. எனக்குச் சேலை காட்டுகிற பெண் உட்கார்ந்திருந்தால் அந்தச் சேலை எனக்குப் பிடிக்காமல் போய்விடுமா?

கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரர் பெண்கூட்டு என்ற அமைப்பைக் கட்டி, கடைப் பெண்கள் உட்காருவதற்காகவும் பாத்ரூம் போவதற்காகவும் வருஷக்கணக்கில் போராடினார். 2018-இல் கேரளத்தில் சட்டம் வந்தது. நம் ஊரிலும் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா வந்து, 1947-ஆம் வருஷத்துக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியருக்கும் இருக்கை போட வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். போன மாசம் ஒரு கடையில் பார்த்தேன். கவுண்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் முக்காலி இருந்தது. அதன் மேல் ஜாக்கெட் துணி அடுக்கியிருந்தார்கள். "உட்காரும்மா" என்றேன். அந்தப் பெண் கேமராவைப் பார்த்தாள்.

அந்தக் கேமராப் படம் ஓடுகிற திரை அனேகமாக உங்கள் மாடியில்தான் இருக்கும்.

வேலையை விடுவதா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். விடுவதானால் கையில் இன்னொரு வேலையோடு விடுங்கள், வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் நாளைக்குக் கீழே இறங்கிப் போய், எத்தனை முக்காலி இருக்கிறது, எத்தனையில் ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். முதலாளியிடம் அரை நாள் சம்பளத்தைப் பற்றிக் கேட்கப் போகிறீர்கள் இல்லையா, அதே காகிதத்தில் அந்த எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டு போங்கள்.