தக்காளி ரேட் பார்க்க எடுத்த போனை ஏன் கீழே வைக்க முடிவதில்லை?

கேள்வி: ராயக்கோட்டை மண்டியில் தக்காளி என்ன ரேட் என்று பார்க்கத்தான் போனை எடுக்கிறேன். ரீல்ஸில் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. இது வெறும் பழக்கமா, நோயா?

போனை எடுத்த காரணம் நியாயமானது. ரேட் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது. பெங்களூரில் வேலைக்குப் போன தம்பியின் ஸ்டேட்டஸும் அதே போனில்தான். மாட்டிக்கொள்வது அதற்குப் பிறகு.

முன்பெல்லாம் பக்கத்தின் அடியில் 'அடுத்த பக்கம்' என்று ஒரு பட்டன் இருக்கும். அழுத்தப் போகும் அந்த ஒரு நொடியில் 'போதும்' என்று தோன்ற வாய்ப்புண்டு. 2006-ல் ஏசா ரஸ்கின் வடிவமைத்த முடிவில்லா ஸ்க்ரோல் அந்த நொடியைத் தூக்கிவிட்டது. டவுன் பஸ்ஸுக்குக்கூடக் கடைசி ஸ்டாப் உண்டு, ரீல்ஸுக்குக் கிடையாது.

அடுத்தது, என்ன வரும் என்றே தெரியாதது. உளவியலாளர் ஸ்கின்னரின் சோதனையில், எந்தக் கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாத புறா விடாமல் கொத்தியது. தீனியை நிறுத்திய பிறகும் வெகுநேரம் கொத்தியது. ஐந்து மொக்கை வீடியோவுக்கு நடுவே ஒரு நல்ல காமெடி வருவதும் இதே கணக்குதான். மூளையில் சுரக்கும் டோபமைனைச் சந்தோஷ ரசாயனம் என்பார்கள். அது அதிகம் வேலை செய்வது எதிர்பார்ப்பில். (தக்காளி ரேட்டும் அப்படித்தானே ஏறி இறங்குகிறது? விவசாயிக்கு இரட்டைத் தூண்டில்.)

ஆப் டைமரை மட்டும் நம்பாதீர்கள். நேரம் முடிந்ததும் செட்டிங்ஸில் போய்க் கூட்டிக்கொள்ள அரை நிமிடம் போதும். வேறு வழி: ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பில் ரேட் குரூப்பைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் அதற்கு ஷார்ட்கட் போடுங்கள். நேராகக் குரூப்புக்குள் போய்விடலாம், ஸ்டேட்டஸ் கண்ணில் படாது. மற்ற குரூப்புகளை மியூட் செய்யுங்கள். யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை அணைத்து, பழையதையும் அழித்தால் முகப்பில் பரிந்துரை வீடியோக்கள் நின்றுவிடும், தேடினால்தான் கிடைக்கும். இன்ஸ்டாகிராம் ஐகானை முகப்புத் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். முதல் சில நாள் விரல் தானாக அந்த இடத்தைத் தொடும். அங்கே வேறு ஐகான் வைக்காதீர்கள், அதையும் திறந்துவிடுவீர்கள். இரவில் சார்ஜர் கட்டில் பக்கம் வேண்டாம். எழுப்ப அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அலாரத்தைச் சாக்கிட்டு போன் தலையணைக்கே திரும்பி வரும்.

நோயா என்றால், ஒரு மணி நேரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தூக்கமும் தோட்ட வேலையும் கெட்டு, நிறுத்த நினைத்தும் மாதக்கணக்கில் முடியவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே 'ஷட்' கிளினிக் இருக்கிறது; ஓசூர் வழியாகப் பஸ்ஸிலேயே போய்வரலாம். போனிலேயே பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம்.