குடியாத்தம் பக்கம் மாட்டுக் கொட்டகையில் மணல் ஈ இருக்கிறது, காலா அசார் என்ற கருங்காய்ச்சல் வருமா?

ஈ இருப்பதால் மட்டும் வராது. இந்தியாவில் அந்த நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் போகிறது. நோயாளியைக் கடித்த பெண் ஈ வேண்டும். அந்தப் பாதிப்பு பீகார், ஜார்கண்ட் பக்கம். இத்தனைக்கும் டாக்டர் சார்லஸ் டோனவன் 1903-இல் அந்தக் கிருமியைக் கண்டது நம்ம சென்னையில்!

ராத்திரி டார்ச் அடித்து மண்சுவர் வெடிப்பைப் பாருங்கள். மணல் ஈ கொசுவைவிடச் சின்னது, உடம்பெல்லாம் ரோமம், சிறகைத் தூக்கி விரித்தபடி உட்காரும். விரட்டினால் தத்தித் தத்திக் கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும், காற்றடித்தால் பறக்காது.

முட்டை தண்ணீரில் இடாது, சாணமும் ஈரமும் கலந்த மண்ணில்தான். அதனால் தொட்டியைக் கவிழ்த்துப் பயனில்லை. சாணத்தை அள்ளுங்கள், வெடிப்பைப் பூசுங்கள். அப்புறம், சாதாரணக் கொசுவலைக் கண்ணில் இது நுழைந்துவிடும்.