பலகை வரை ஓடும்போதே கால் நடுங்குகிறது

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு 20 வயது. கல்லூரி அணியில் நீளம் தாண்டுகிறேன். எட்டாம் வகுப்பில், அஞ்சு பாபி ஜார்ஜ் 2003-இல் பாரிஸ் உலகப் போட்டியில் 6.70 மீட்டர் தாண்டி வெண்கலம் வாங்கிய வீடியோவைக் கோச் காட்டினார். அன்று பிடித்த ஆசை. பயிற்சியில் 5.60 மீட்டர் சாதாரணமாக வரும். போட்டி என்றால் முந்தைய நாளே வயிறு கலக்கும், தூக்கம் வராது. போன முறை மூன்று தாவலும் ஃபவுல், எழும்ப வேண்டிய பலகையைக் கால் தாண்டிவிட்டது. கோச் எல்லார் முன்னாலும் "உனக்கு மனசுல தெம்பே இல்ல" என்றார். பயிற்சியில் நன்றாகத்தானே தாண்டுகிறேன்? அதை அவர் சொல்வதே இல்லை. கூடத் தாண்டும் பெண்கள் சிரிக்கிறார்கள். அடுத்த மாதம் பல்கலைக்கழகப் போட்டி. இதற்கிடையில் அத்தை வீட்டிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்துவிட்டார்கள். மெடல் வாங்கிவிட்டால் அப்பா இரண்டு வருடத்துக்கு அந்தப் பேச்சை எடுக்க மாட்டார் என்று நினைத்திருக்கிறேன், அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அது இருக்கட்டும். கோச் எல்லார் முன்னாலும் அப்படிச் சொல்லியிருக்க வேண்டுமா? இந்த நடுக்கம் போக என்ன செய்வது?

அன்பு மகளே,

கோச் அப்படிச் சொன்னது தவறு. அவரைப் பற்றி அதற்கு மேல் எழுதப்போவதில்லை. 'அது இருக்கட்டும்' என்று நீ தள்ளிவிட்ட இடத்தில்தான் என் கண் நின்றது.

மெடல் வந்தால் அப்பா பேச்சை எடுக்க மாட்டார் என்று 'நினைத்திருக்கிறாய்'. அவர் அப்படிச் சொன்னாரா? இல்லை போலிருக்கிறது. அவருக்கே தெரியாத ஓர் ஒப்பந்தத்தை நீயாகப் போட்டு, அதை நிறைவேற்றும் பொறுப்பை உன் கால்களிடம் கொடுத்திருக்கிறாய். வீட்டில் வாய் திறந்து சொல்ல வேண்டிய 'இப்போது வேண்டாம்' என்பதை மணல் குழியில் போய்ச் சொல்லப் பார்க்கிறாய். 20 சென்டிமீட்டர் அகலப் பலகை அவ்வளவு பாரம் தாங்குமா?

இதில் உன் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அப்பா கேட்க மாட்டார் என்று நீயே முடிவுகட்டி, அவருக்குப் பேச வாய்ப்பே தரவில்லை. கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்வதும் மறுப்பதும் உன் உரிமை. அதை மெடல் கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

சரி, நடுக்கம். மூன்றும் ஃபவுல் ஆனதற்குத் தெம்பில்லாதது காரணமாக இருக்காது. பதற்றத்தில் அட்ரினலின் ஏறும், ஓட்டம் வேகமாகும், ஒவ்வொரு காலடியும் நீளும். ஓட்டம் தொடங்கும் பழைய அடையாளத்திலிருந்தே ஓடினால் கால் பலகையைத் தாண்டித்தான் விழும். வயிறு கலக்குவதும் ரத்தம் குடலை விட்டுத் தசைகளுக்குப் போவதால்தான். உடம்பு தாண்டத் தயாராகிறது, அவ்வளவே. வார்ம்-அப்பில் ஓடிப் பார்த்துவிட்டு, அடையாளத்தை அரை அடி பின்னால் வைக்கலாமா என்று அந்தக் கோச்சிடமே கேள்.

அதற்கு முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அப்பாவிடம் பேசிவிடு. தனியாகப் போகாதே, அக்காவைக் கூட வைத்துக்கொள். அவர் கோபித்துக்கொண்டால் எனக்கு எழுது. அப்புறம் என்ன செய்வதென்று சேர்ந்து யோசிப்போம்.